பயிற்சியாசிரியர்கள் போகும் வழி

ஈஜிபுராவிலிருந்து விவேக்நகர் வழியாக ஆஸ்டின் டவுனைக் கடந்து சென்றால், அசோக்நகரில் பெங்களூர்க் கால்பந்தாட்ட அரங்கத்தை அடையலாம். இப்பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கால்பந்து புதிய விளையாட்டன்று. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்தர இந்தியாவின் முதல் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இவ்வூர்க்காரர். அதே குழுவில் வெறுங்காலுடன் ஆடிய அகமது கானும் இவ்வூர்க்காரரே. 1962-இல் ஜகார்த்தாவில் தங்கப் பதக்கம் பெற்ற குழுவிலே அருமைநாயகம் இருந்தார். அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பெலேக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆகவே, இத்தெருக்களில் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசும் அளவிற்குப் பயிற்சியாசிரியரைப் பற்றியும் பேசுவார்கள் என்பதில் வியப்பில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் அந்தப் பயிற்சியாசிரியர்களைப் பற்றித்தான்: அவர்கள் ஏன் மாற்றப்படுகிறார்கள், மாற்றப்பட்டபின் எங்கே போகிறார்கள் என்பது.

முற்காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், 1950 முதல் 1963-இல் தாம் மறையும் வரையில் இந்தியக் குழுவைப் பயிற்றுவித்தார். 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்ற அந்த நாளில் அவரது உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. இடையில் தோல்விகள் வராமலில்லை. 1952-இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். இன்றைய வழக்கப்படியானால் மறுநாட் காலையிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அனுப்பாததனால் வந்ததே பின்னைய இரண்டு பதக்கங்களில் ஒன்றும் மெல்போர்ன் சிறப்பும்.

இனி நம் ஊர்க் கழகத்திற்கு வருவோம். பெங்களூரு எஃப்.சி. 2013-இல் தொடங்கப்பெற்றது. முதற் பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயர். பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தில் பயிற்சிக் குழுவிலே பணிபுரிந்தவர். பிறந்த ஆண்டிலேயே கழகம் ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2015 ஜனவரியில் பெடரேஷன் கோப்பை, 2016-இல் மீண்டும் ஐ-லீக். அதன் பின் அவர் விடைபெற, ஸ்பெயினிலிருந்து ஆல்பர்ட் ரோகா வந்தார். பார்சிலோனாவில் பிராங்க் ரைக்கார்டுக்குத் துணையாக இருந்தவர் அவர். வந்த சில திங்களிலேயே ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதியாட்டம் வரை குழுவைக் கொண்டுசென்றார். ஓர் இந்தியக் கழகம் அவ்விறுதிக்குச் சென்றது அதுவே முதன்முறை. தோஹாவில் ஈராக்கியக் குழுவிடம் ஒரே கோலில் தோற்றது. 2018 மார்ச் 17-இல் கண்டீரவ அரங்கத்திலேயே இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்.சி.யிடம் 3-2 என்று இழந்ததைப் பெங்களூர்த் தமிழர்கள் எந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள் என்பது தனிக் கதை. பல வீடுகளில் தந்தை ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமுமாக இருந்ததை நாம் அறிவோம்.

ரோகா சென்றபோது கழகம் செய்த செயல் பாராட்டத்தக்கது. வெளியே தேடாமல், அவருக்குத் துணையாக இருந்த கார்லஸ் குவாட்ராட்டையே தலைமையில் அமர்த்தியது. ஆட்டக்காரரின் பலமும் பலவீனமும் அறிந்தவர், மொழி புரிந்தவர், புழுக்கமும் மழையும் பழகியவர். மறு ஆண்டே, 2019 மார்ச்சில், கோவாவை வென்று பட்டம் வந்தது. அதே குவாட்ராட் 2021 ஜனவரியில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றதும் நீக்கப்பட்டார். மூன்று ஆட்டம்! ஆண்டுக்கணக்கில் கட்டிய வீட்டை மூன்று நாள் மழைக்கு இடித்ததுபோல என்றுதான் நமக்குத் தோன்றிற்று.

பின்னர் ஜெர்மானியரான மார்க்கோ பெஸ்ஸாயோலி. அவருக்குப் பின் ஆங்கிலேயரான சைமன் கிரேசன். கிரேசனின் காலத்தில் 2022-இல் டுராண்ட் கோப்பை கிடைத்தது. அடுத்து வந்த பருவத்தில் தொடர்ந்து எட்டு வெற்றிகளுடன் இறுதியாட்டத்திற்கும் சென்றார்கள், பெனால்டியில் தோற்றார்கள். 2023 டிசம்பரில் மும்பைக் குழு சொந்த அரங்கத்திலேயே 4-0 என்று வென்றதும் கிரேசனும் போனார். அவருக்குப் பின் அமர்த்தப்பட்ட ஜெரார்ட் சரகோசா, குவாட்ராட்டின் பட்ட ஆண்டில் உதவியாளராக இருந்தவர். 2025 ஏப்ரலில் அவரும் இறுதியாட்டம் வரை கொண்டுசென்று, மோகன் பகானிடம் 2-1 என்று தோற்றார்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது கண்ணில் உறுத்துகிறது. இங்கிலாந்தில் இவரை மானேஜர் என்கிறார்கள்; யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதிலும் மரபாக அவருக்குக் குரலுண்டு. நாம் பயிற்சியாளர் என்கிறோம். தெருவிலே 'கோச்' என்றால்தான் விளங்கும். பெயரிலேயே அதிகாரம் குறைந்துவிட்டது. ஆனால் பொறுப்போ குறையவில்லை. ஆட்டக்காரரை வாங்குவதில் உரிமையாளர் கை மேலோங்கும். தோற்றால் தலை உருளுவது பயிற்சியாளருடையது.

போனவர்கள் எங்கே போனார்கள்? இதுதான் சுவையான பகுதி. ரோகா 2020-இல் ஹைதராபாத் கழகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, பருவம் தொடங்கும் முன்பே உடற்பயிற்சி வல்லுநராகப் பார்சிலோனாவுக்குத் திரும்பினார். அவர் விட்ட இடத்திற்கு வந்த மனோலோ மார்க்கெஸ் 2022-இல் ஹைதராபாத்துக்குப் பட்டம் பெற்றுத் தந்து, பின் கோவாவுக்குச் சென்று, 2024-இல் இந்தியக் குழுவுக்கே பயிற்சியாளரானார். ஓராண்டுக் காலம் கோவாவையும் இந்தியாவையும் ஒருசேரப் பயிற்றுவித்தார்; இரட்டைக் குதிரைச் சவாரி. குவாட்ராட் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றார். அதே செப்டம்பரில் பதவி விலகினார். சென்னையின் குழுவை 2020-இல் இறுதிக்குக் கொண்டுசென்ற ஓவன் காயில் ஜாம்ஷெட்பூர் சென்று, ஸ்காட்லாந்து சென்று, 2023-இல் மீண்டும் சென்னைக்கே வந்தார். சுற்றிச் சுற்றி இதே நாற்காலிகள். அமருவோர் மட்டும் இடம் மாறுகிறார்கள்.

எல்லாரினும் விந்தையான பயணம் வெஸ்ட்வுட்டினுடையது. ஆப்கானிஸ்தான் குழுவின் பயிற்சியாளராக அவர் 2024 மார்ச்சில் குவஹாட்டிக்கு வந்தார். எதிரே இந்தியா, தலைவர் சுனில் சேத்ரிக்கு அது 150-ஆவது ஆட்டம். பெங்களூரில் வெஸ்ட்வுட்டின் கீழ்த் தலைவராக ஆடியவர் இதே சேத்ரி. ஆப்கானிஸ்தான் 2-1 என்று வென்றது. அடுத்த சில திங்களில் இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாட்ஸ் நீக்கப்பட்டார். 2025 ஜூனில் வெஸ்ட்வுட் ஹாங்காங் குழுவுடன் மீண்டும் எதிரே நின்றார். ஆட்டத்தின் கடைசி வேளையில் ஒரு பெனால்டி, ஹாங்காங் 1-0. அடுத்த திங்களே மார்க்கெஸ் விலகினார். இந்தியாவில் கற்ற பாடத்தை அவர் இந்தியாவுக்கே ஒப்புவித்தார் என்று சொல்லலாம். நமது ஆட்டக்காரர் எந்த வேளையில் தளர்வார், எந்தப் பக்கம் திரும்பத் தயங்குவார் என்பதை மூன்று ஆண்டு அருகிருந்து பார்த்தவரல்லவா?

சரி, நம்மவர்கள் எங்கே? 2021 ஜனவரியில் ஒரே திங்களில் இரண்டு கழகங்கள் அயல்நாட்டவரை நீக்கிவிட்டு, இந்தியரை இடைக்காலப் பொறுப்பில் வைத்தன. பெங்களூரில் நௌஷாத் மூஸா. வடகிழக்குக் குழுவில் காலித் ஜமீல். காலித் ஜமீல் 2017-இலேயே மிசோரத்தின் சிறு கழகமான ஐஸாலுக்கு ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்தவர். வடகிழக்குக் குழுவையும் அரையிறுதி வரை ஏற்றினார். அதன் பின்பே நிலையான தலைமை கிட்டியது. சூப்பர் லீக்கில் அவ்வாறு நிலையாக அமர்த்தப்பட்ட முதல் இந்தியர் அவரே. கிளிஃபோர்ட் மிராண்டாவின் கதை இன்னும் கசப்பானது. 2023 ஏப்ரலில் இடைக்காலப் பயிற்சியாளராக இருந்து, இறுதியில் நம் பெங்களூரையே தோற்கடித்து, ஒடிஷாவுக்குச் சூப்பர் கோப்பை வென்றார். கோப்பை அலமாரிக்குச் சென்றது. தலைமை நாற்காலி ஸ்பானியரான செர்ஹியோ லோபெராவுக்குச் சென்றது. மிராண்டாவுக்கு 2025-இல் சென்னையின் குழு இடமளித்தது.

அயல்நாட்டவர் வரக்கூடாதென்பது நமது கருத்தன்று. ரோகாவிடமும் குவாட்ராட்டிடமும் நம் ஆட்டக்காரர் கற்றது ஏராளம். ஆனால் அவர்களருகில் அமர்ந்து கற்கும் இந்திய உதவியாளர் என்ன ஆகிறார்? ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் உரிமங்கள் படிப்படியாக 'புரோ' வரை செல்கின்றன. பணமும் விடுப்பும் ஆண்டுகளும் செலவிட்டுப் படியேறியவருக்கு, மேற்படியில் கதவு இடைக்காலத்திற்கு மட்டுமே திறக்குமானால் அவர் ஏன் ஏற வேண்டும்? பெங்களூரின் இளைஞர் குழுவைப் பயிற்றுவித்து 2022-இல் வளர்ச்சி லீக்கின் முதற் பட்டத்தை வாங்கித் தந்த மூஸா, 2025-இல் 23 வயதுக்குட்பட்ட இந்தியக் குழுவைப் பயிற்றுவித்தார். அதே ஆகஸ்டில் காலித் ஜமீல் இந்தியத் தலைமைப் பயிற்சியாளரானார். சாவியோ மெதேராவுக்குப் பின் பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் அந்தப் பதவிக்கு வந்த இந்தியர் அவர். தொடக்கத்தில் மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம். அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறாமை. அதைக் கொண்டு அவரை உடனே எடை போடுதல் தகாது. அவர் பொறுப்பேற்கும்போதே பாதிக் கிணறு மூழ்கியிருந்தது.

இதற்கிடையே பதவியே நிலைக்குமா என்ற கவலையும் வந்தது. லீக்கை நடத்தும் உரிமை 2010-இல் பதினைந்து ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. 2025 டிசம்பரில் அது முடியவிருந்த நிலையில், அவ்வாண்டு ஜூலையில் பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதற்குழுவின் ஆட்டக்காரர்க்கும் பணியாளர்க்கும் ஊதியத்தை நிறுத்திவைத்தது. ஆட்டங்கள் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கின. ஸ்பானியருக்கு ஸ்பெயின் உண்டு, அரபு நாடுகளுண்டு. உடற்பயிற்சி உதவியாளருக்கும், கோல்காவலரைப் பயிற்றுவிக்கும் உள்ளூர் ஆசிரியருக்கும் போக்கிடம் எது? பள்ளிகளும், கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் தனியார் திடல்களுமே. கோரமங்கலத்திலும் ஈஜிபுராவைச் சுற்றிலும் வலைபோட்ட வாடகைத் திடல்களில் மாலைதோறும் சிறுவர்களுக்குக் கற்பிப்போரிடையே அத்தகையோரையும் காணலாம். அடுத்த முறை கண்டீரவத்தில் நாற்காலி காலியாகும்போது, விமான நிலையத்திற்குக் கார் அனுப்புகிறார்களா, அன்றி ஆஸ்டின் டவுனுக்கு ஆள் அனுப்புகிறார்களா என்று இத்தெருக்களில் உள்ளவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.