ஃபார்மேட் அடிப்பதற்கு முன்னால்

(மாணவர்கள், களப்பணியாளர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை வாசிப்பேன்னு நெனச்சு வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். இன்றைக்கு நான் பேசப் போவது போனைப் பற்றியும் பென்டிரைவைப் பற்றியும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய லேப்டாப்புகள்தான் நம்மில் பலர் கையில் இருக்கு. அதனால் உபுண்டு, மின்ட் என்று லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதுசு கிடையாது. 2011-ல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கப் பலருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வந்தவர்கள் ரெண்டு இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். போனை மாட்டினால் படம் வருவதில்லை. வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் படிக்க விடுகிறது, எழுத விடமாட்டேன் என்கிறது. உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கடையில் ஒரே வைத்தியம்: ‘ஃபார்மேட் அடிச்சிரலாம் தம்பி.’ அந்த டிஸ்க்கில் என்ன இருக்கு? ஊர் ஊராய் அலைந்து பதிவு பண்ணிய கிழவிகளின் ஒப்பாரி இருக்கு. அவங்கள்ல சில பேர் இப்போ இல்லை. மனுக்களின் நகல் இருக்கு, கூட்டப் பதிவு இருக்கு. என் கைக்கு வந்து நான் பார்த்த அளவில், ஃபார்மேட் என்று தீர்ப்பெழுதப்பட்ட டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் ஒரு நோயும் இருந்ததில்லை.

மவுண்ட் என்கிறார்களே, அது என்ன? யுனிக்ஸ் 1969-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1971-ல் வந்த அதன் முதல் கையேட்டிலேயே இந்தச் சொல் இருக்கு. அன்றைக்கு டிஸ்க் என்பது ஆள் கையால் தூக்கி எந்திரத்தில் ஏற்றி வைக்கும் பண்டம். அந்த ஏற்றுதல்தான் மவுண்ட். விண்டோஸில் சி, டி, ஈ என்று ஒவ்வொரு டிரைவும் தனித்தனி வீடு. லினக்ஸில் எல்லாமே ஒரே மரம். புதுசா ஒரு டிரைவ் வந்தால் அந்த மரத்தின் ஒரு கிளையில், அதாவது ஒரு வெற்று ஃபோல்டரில், ஒட்டுக் கட்டணும். ஒட்டுமாங்கன்று கட்டுகிற மாதிரிதான். நாம் பார்க்கும் டெஸ்க்டாப்புகள் இதைத் தானாகவே செய்துவிடுகின்றன. அதனால்தான் செய்யாதபோது நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. ஏற்கெனவே ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரில் டிரைவை ஒட்டினால் பழைய ஃபைல்கள் மறைந்துபோகும். அழிவதில்லை, கழற்றினால் திரும்பவும் தெரியும். தலைகீழாகவும் நடக்கும். டிரைவ் ஒட்டவே இல்லை, நாம் அந்த வெற்று ஃபோல்டருக்குள் நகலெடுத்துவிட்டு டிரைவில் ஏறிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்போம். எல்லாம் லேப்டாப்பிலேயே கிடக்கும்.

அதனால் முதலில் டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-பி-எல்-கே என்று சிறிய எழுத்தில் சேர்த்து அடியுங்கள். எந்தெந்த டிஸ்க், எத்தனை ஜிபி, எங்கே ஒட்டியிருக்கு என்று காட்டும். டிரைவ் பட்டியலில் இருந்து, ஒட்டிய இடம் காலியாக இருந்தால் எந்திரத்துக்கு அது தெரிகிறது, ஒட்டு மட்டும்தான் பாக்கி. பட்டியலிலேயே இல்லையா? சூடோ போட்டு டி-எம்-இ-எஸ்-ஜி, ஒரு இடைவெளி விட்டு, சிறுகோடு டபிள்யூ. பிறகு டிரைவைச் செருகுங்கள். உடனே நாலைந்து வரி ஓடணும். ஒரு வரிகூட வரவில்லை என்றால் கேபிளையோ துளையையோ மாற்றிப் பாருங்க.

போனுக்கும் இதே கதைதான். விலை குறைந்த கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும்தான் இருக்கும். தகவல் போகிற ரெண்டு கம்பி உள்ளே கிடையவே கிடையாது. சார்ஜ் ஏறுதே என்று நம்பி ஏமாறுவோம். கேபிள் சரி என்றால் போனின் பூட்டைத் திறங்க. மேலேயிருந்து அறிவிப்பை இழுத்து, சார்ஜ் மட்டும் என்பதை ஃபைல் பரிமாற்றம் என்று மாற்றுங்க. பூட்டிய போன் எதையும் காட்டாது. அது பாதுகாப்பு. போன் நம் கையைவிட்டுப் போகும் நாளில் இதன் அருமை தெரியும்.

பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பென்டிரைவ் மாதிரியே தெரிந்தன. 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3, 4 பதிப்புகளிலிருந்து அது மாறத் தொடங்கியது. பென்டிரைவாகக் கொடுத்தால் மொத்தச் சேமிப்பையும் கணினியிடம் ஒப்படைத்துவிட்டு போன் கைகட்டி நிற்கணும். அதனால் எம்டிபி என்கிற முறைக்குப் போனார்கள். இதில் டிஸ்க்கைப் போனே வைத்துக்கொள்ளும். கணினி கேட்கிற ஃபைலை எடுத்துக் கொடுக்கும். வேடிக்கை பாருங்க, ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். இந்தப் பக்கமும் லினக்ஸ். நடுவில் ரெண்டும் பேசிக்கொள்ளும் மொழி மைக்ரோசாஃப்ட் வகுத்தது.

ஆகவே போன் எல்-எஸ்-பி-எல்-கே பட்டியலில் வராது. தேடிச் சலிக்க வேண்டாம். எல்-எஸ்-யூ-எஸ்-பி என்று அடித்தால் வரும். போனில் இருக்கும் வீடியோவை அங்கிருந்தபடியே திறக்கவும் வேண்டாம், தடுமாறும். நகலெடுத்துவிட்டுத் திறங்க. ‘டிவைஸ் பிஸி’ என்றால் வேறொரு நிரல் போனைப் பிடித்து வைத்திருக்கு. மற்றதை மூடிவிட்டு மறுபடி செருகணும். ஐபோன் என்றால் ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்று அது கேட்கும்போது ஆம் சொல்லணும். லிப்-ஐமொபைல்-டிவைஸ் என்கிற தொகுப்பும் வேணும்.

இப்போ, எழுத விடமாட்டேன் என்கிற டிஸ்க். 2012-ல் விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று வைத்தார்கள். ஷட்டவுன் கொடுத்தாலும் எந்திரம் முழுசாக அணைவதில்லை, அரைத் தூக்கம். அந்த நிலையில் விட்ட என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை லினக்ஸில் மாட்டினால், கணக்கு முடியாமல் கிடக்கு என்று லினக்ஸ் கண்டுகொள்கிறது. கை வைத்தால் கெட்டுவிடும் என்பதால் படிக்க மட்டும் விடுகிறது. சில புதிய பதிப்புகள் ஒட்டவே மறுக்கும். கடைக்காரர் ‘டிஸ்க் போச்சு’ என்று சொல்லும் இடம் பல நேரம் இதுதான். படிக்க விடுகிறதல்லவா? அப்போ முதலில் நகல் எடுத்துவிடுங்க. பிறகு விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்தி, முழுசாக அணைத்துவிட்டு வாங்க. தூக்கக் கோப்பை லினக்ஸிலிருந்தே அழித்து ஒட்டவும் வழி இருக்கு. ஆனால் விண்டோஸில் சேமிக்காமல் விட்ட வேலை அதோடு போய்விடும்.

என் பிழைப்பு வங்கியில். கணக்கு எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும். வரவு செலவு முதலில் குறிப்பேட்டில் ஏறும், அப்புறம்தான் பேரேட்டுக்குப் போகும். நடுவில் விளக்கு அணைந்தால் குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்யலாம். லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையும் இப்படித்தான், ஜர்னல் என்றே அதற்குப் பேர். பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ரெண்டுக்கும் குறிப்பேடு கிடையாது. திரையில் நூறு சதம் என்று காட்டிய பிறகும் பாதித் தகவல் கணினியின் நினைவகத்தில் நின்றுகொண்டிருக்கும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பிடுங்கினால் பேரேடு பாதியில் கிழியும். அன்மவுண்ட் கொடுங்க, முடிந்தது என்று சொல்லும்வரை நில்லுங்க. (டெர்மினலில் அடிக்கும்போது யூ-க்கு அப்புறம் ‘என்’ கிடையாது, யூ-எம்-ஓ-யூ-என்-டி. ஐம்பது வருசத்துக்கு மேல் ஆகியும் யாரும் அந்த எழுத்தைச் சேர்க்கவில்லை.) ‘டார்கெட் பிஸி’ என்று சொன்னால், நீங்களே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருப்பீர்கள். வெளியே வாங்க.

ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. முழுக் கூட்டத்தையும் ஒரே வீடியோவாக எடுத்துவிட்டு, நகலெடுக்கும்போது நின்றுபோகுதே என்பவர்கள் இதைப் பாருங்க. எக்ஸ்ஃபேட் என்றால் இந்தத் தடை இல்லை. 2019-ல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரங்களை வெளியிட்டது. அந்த ஆண்டு இறுதியில் வந்த 5.4 கெர்னலிலிருந்து லினக்ஸுக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கு.

உண்மையிலேயே செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் உண்டு. டி-எம்-இ-எஸ்-ஜி வரிகளில் ‘ஐ/ஓ எரர்’ திரும்பத் திரும்ப வரும், டக்டக்கென்று சத்தமும் கேட்கலாம். மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்காதீங்க. எஃப்-எஸ்-சி-கே போட்டுச் சரிபண்ணவும் வேண்டாம். டிடி-ரெஸ்க்யூ என்கிற நிரலால் மொத்த டிஸ்க்கையும் வேறொன்றுக்கு அப்படியே படியெடுத்துவிட்டு, அந்தப் படியில்தான் எல்லாச் சிகிச்சையும். தப்பாக அழித்துவிட்ட படம் என்றால் மெமரி கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு ஃபோட்டோரெக் ஓட்டுங்க. எம்டிபி வழியாக அது வேலை செய்யாது. மீட்பதை அதே கார்டில் எழுதவும் கூடாது.

ரொம்ப நேரம் பேசிட்டேன். மேசை மேல ரெண்டு லேப்டாப் இருக்கு, ரெண்டுலயும் மின்ட். ஓரத்துல உக்காந்திருக்க தம்பி ஒரு டிஸ்க் கொண்டாந்திருக்கார். கடையில ஃபார்மேட்டுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் அதுல ஒட்டியிருக்கு. அதையே முதல்ல மாட்டுவோம். யாராவது ஒருத்தர் வந்து டைப் அடிங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்.