இழுப்பு நோய்க்கு நீந்தியவர் பெற்ற பதக்கம்



காப்பி விளைச்சலுக்குப் பெயர் பெற்ற நாடு பிரேசில். அங்குள்ள காப்பித் தோட்டங்களில் ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்தார்கள். 1888-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகள் வெளிநாடுகளில் ஆள் தேடினார்கள். 1908-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 'கசாத்தோ மாரு' என்ற கப்பல் ஏறக்குறைய 780 ஜப்பானியர்களைச் சாந்தோஸ் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்பது அவர்களின் எண்ணம். ஆனால் கிடைத்த கூலியோ குறைவு. தோட்டத்துக் கடையிலோ கடன். நினைத்தபடி திரும்ப முடியாமல் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவர்களுக்குப் பின்னாலும் ஜப்பானியர் பலர் வந்தார்கள். அப்படிக் குடியேறிய பெற்றோருக்கு 1932-ஆம் ஆண்டு மாரிலியா என்ற ஊரில் பிறந்தவர்தான் டெட்சுவோ ஒகமோட்டோ. சிறு வயதிலேயே அவருக்கு ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் இருந்தது. மூச்சு சீர்படட்டும் என்று ஏழு வயதில் நீச்சல் பழக விட்டார்கள். பதக்கம் வாங்க வேண்டும் என்று யாரும் அப்போது நினைக்கவில்லை.

இதற்கிடையே உலகப் போர் வந்தது. 1942-இல் பிரேசில் நேச நாடுகளுடன் சேர்ந்தது. ஜப்பானியர் தங்கள் தாய்மொழியைப் பொது இடங்களில் பேசக்கூடாது என்று தடை வந்தது. போர் முடிந்தும் நிம்மதி இல்லை. ஜப்பான் தோற்றது என்று ஒப்புக்கொண்டவர்களுக்கும், தோற்கவே இல்லை என்று சாதித்தவர்களுக்கும் பகை மூண்டது. சாவோ பாவ்லோ மாநிலத்தில் கொலைகள்கூட நடந்தன. தாங்கள் எந்த நாட்டவர் என்ற கேள்வி அந்தச் சமூகத்தையே வாட்டிய காலம் அது.

1950-ஆம் ஆண்டில், 'பறக்கும் மீன்' என்று புகழ்பெற்ற ஜப்பானிய வீரர் புருஹாஷியும் அவருடைய குழுவினரும் பிரேசிலுக்கு வந்தார்கள். அவர்கள் பயிற்சி செய்த முறையை ஒகமோட்டோ கவனித்தார். அவர்கள் நாள்தோறும் நீந்திய தூரம், அவர் நீந்தியதைப் போலப் பல மடங்கு! நெடுந்தூர நீச்சலுக்கு வேகம் மட்டும் போதாது. கடைசி வரை மூச்சும் கை வீச்சும் தளரக்கூடாது. அந்தத் தெம்பு தினப் பழக்கத்தால்தான் வரும். இதை உணர்ந்த ஒகமோட்டோ தம் பயிற்சித் தூரத்தைக் கூட்டினார். பலன் விரைவிலேயே தெரிந்தது. 1951-ஆம் ஆண்டு போனஸ் அயர்ஸ் நகரில் நடந்த முதல் பான் அமெரிக்கப் போட்டியில், 400 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் தங்கம் வென்றார்.

மறு ஆண்டு ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் போட்டி. 1500 மீட்டர் என்றால், ஐம்பது மீட்டர் குளத்தை முப்பது தடவை நீந்திக் கடக்க வேண்டும். ஒகமோட்டோ 18 நிமிடம் 51.3 விநாடிகளில் முடித்து மூன்றாவதாக வந்தார். நான்காவதாக வந்தவர் யார் தெரியுமா? 1948-இல் இதே பந்தயத்தில் தங்கம் வென்ற அமெரிக்கர் மெக்லேன். இருவருக்கும் இடையே ஒரு விநாடியில் பத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம்!

ஒலிம்பிக் நீச்சலில் பிரேசில் பெற்ற முதல் பதக்கம் அந்த வெண்கலம். அன்று மேடையில் நின்ற மூவருமே ஜப்பானிய வம்சாவளியினர். தங்கம் வென்ற கொன்னோ அமெரிக்காவுக்காகவும், வெள்ளி வென்ற ஹாஷிசுமே ஜப்பானுக்காகவும் நீந்தியவர்கள். ஒகமோட்டோவுக்காக ஏறியது பிரேசில் கொடி. பத்து ஆண்டுகளுக்கு முன் அவருடைய பெற்றோரின் மொழிக்குத் தடை போட்ட அதே நாட்டின் கொடி!

பின்னர் அவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குச் சென்று பல்கலைக்கழகத்தில் படித்தார். 2007-ஆம் ஆண்டு காலமானார்.

நேயர்களே, நோயுள்ள பிள்ளையை 'இவனால் ஆகாது' என்று மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்டு, அவனால் இயன்றதைப் பழக விடுங்கள். குடியேறியவர் வீட்டுப் பிள்ளைதானே என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர்தான், பிறந்த நாட்டுக்கு அதுவரை இல்லாத பெருமையைத் தேடித் தந்தார்.