கதீட்ரலுக்குள் ஒரு கோழிக்கூண்டு

கதீட்ரலுக்குள் சேவல் கூவுமா? வட ஸ்பெயினில் சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா என்ற சிற்றூரில் கூவும்.

இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு, பிரான்ஸ் எல்லையிலிருந்து நடந்து போகும் யாத்திரைப் பாதையில் இருக்கிறது இந்த ஊர். 11-ஆம் நூற்றாண்டில் காடும் ஓஹா ஆறும் வழியை மறித்தன. தொமிங்கோ என்ற துறவி காட்டை வெட்டிச் சாலை போட்டார், ஆற்றுக்குப் பாலம் கட்டினார், யாத்ரீகர்கள் தங்க விடுதியும் எழுப்பினார். 1109-இல் மறைந்த அவரின் கல்லறை கதீட்ரலுக்குள்ளேயே இருக்கிறது. பழைய விடுதிக் கட்டடம் இன்று ஹோட்டல்.

சரி, சேவல் எங்கிருந்து வந்தது?

பெற்றோரோடு யாத்திரை வந்த ஜெர்மானிய இளைஞன் ஒருவன்மேல் சத்திரத்துப் பெண் ஆசைப்பட்டாளாம். அவன் மறுக்கவே, வெள்ளிக் கோப்பையை அவன் பையில் ஒளித்து வைத்துத் திருட்டுப்பழி சுமத்தினாள். அவனைத் தூக்கிலிட்டார்கள். பெற்றோர் யாத்திரை முடித்துத் திரும்பி வந்து பார்த்தால், தூக்குமரத்தில் தொங்கியபடியே அவன் உயிரோடு பேசினான். நீதிபதியிடம் ஓடினார்கள். அவரோ சாப்பாட்டு மேஜையில் இருந்தார். “என் தட்டில் இருக்கும் இந்தக் கோழிக்கு உயிர் இருந்தால் உங்கள் மகனுக்கும் இருக்கும்” என்று சிரித்தார். வறுத்த கோழி எழுந்து கூவியது!

இந்தக் கதையின் நினைவாக, கதீட்ரல் சுவரில் உயரத்தில் கட்டிய கல்கூண்டில் இன்றும் ஒரு வெள்ளைச் சேவலும் பெட்டையும் உயிரோடு வளர்கின்றன. அவற்றை அவ்வப்போது மாற்றி வேறு ஜோடியை விடுகிறார்கள்.