நகரும் சுரங்கம்



ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் 1930களில் கண்ட கரும்பொருளில் தொடங்கியது நெய்வேலியின் கதை. 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி முகம் காட்டியது.

ஆழ்சுரங்கம் ஓய்ந்தாலும் இறங்கிய வாயில் எஞ்சும்; அதை அருங்காட்சியகமாக்கலாம். நம்முடையதோ திறந்தவெளிச் சுரங்கம். முன்னே வெட்டும் மேல்மண், கரி எடுத்த பள்ளத்தைப் பின்னே நிரப்பிவரும். தொழிலாளி தாம் உழைத்த இடத்தைப் பேரனுக்குக் காட்ட இயலாது. நிலம் தந்து பெயர்ந்தவர் தம் ஊரையும் காட்ட இயலாது.

ராட்சத மண்வெட்டும் இயந்திரத்தின் மாதிரியைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். மறைந்த தெருவின் பெயரையும், இரவுப் பணியின் களைப்பையும் எங்கே வைப்பது?

பத்தாண்டு கண்ட நம் வட்டத்தார் ஒவ்வொருவரும், ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியையும் ஊரிழந்த ஒரு மூதாட்டியையும் கேட்டு எழுதுங்கள். அவ்வேடே நம் அருங்காட்சியகம்.