கலவையில் குறைய, தரையில் நிறைய



மே மாதத்து மாலைகளில் வானிலை அறிக்கை கேட்கிறவர்களுக்கு ஒரு வரி மனப்பாடம்: இன்று 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்கள் வேலூர், திருத்தணி... வரிசை மாறலாம், திருத்தணி விடுபடுவது அரிது. மலைமேல் முருகனைப் பார்க்க 365 படி ஏறுகிறவரின் உள்ளங்காலைச் சுடும் அதே வெயில்தான், அடிவாரத்து வீடுகளில் புதிதாகப் போட்ட காங்கிரீட் தரையையும் சில மாதங்களில் வெடிக்க வைக்கிறது.

இந்த வட்டாரத்தில் வீடும் தொழிலும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது பழகிய விஷயம். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் முன்கட்டில் விசைத்தறி ஓடும், பின்கட்டில் உலை கொதிக்கும். திருத்தணி ஊருக்குள் கார் ஷெட் என்று கட்டிய இடம் நாளடைவில் டூவீலர் மெக்கானிக் பட்டறையாகவோ வெல்டிங் கூடமாகவோ தச்சு மேசை போட்ட இடமாகவோ மாறிவிடும். வண்டி நிறுத்துவதற்கென்று ஒப்புக்குப் போட்ட தரை, ஜாக்கியையும் டிரில்லிங் மெஷினையும் தறியின் அதிர்வையும் தாங்க வேண்டியதாகிறது. தாங்காதபோது பழி முதலில் சிமெண்ட் மேல் விழுகிறது, அடுத்து மேஸ்திரி மேல். உண்மையில் பார்க்க வேண்டியது தண்ணீரை. கலக்கும்போது அளவுக்கு மேல் ஊற்றுகிறார்கள், போட்ட பிறகு தேவைக்குக் குறைவாக ஊற்றுகிறார்கள். பெரும்பாலான தரைகளைக் கெடுப்பது இந்தத் தலைகீழ்க் கணக்குதான்.

கணக்கு என்று வந்துவிட்டதால் ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 10 அடி, நீளம் 18 அடி. ஒரு கார் நிற்கவும், சுவரோரம் ஒரு வேலை மேசை போடவும் இடம் இருக்கும். தரையின் கனம் 4 அங்குலம் என்றால் தேவைப்படும் காங்கிரீட் 60 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற விகிதத்தில், அதாவது எம் 20 தரத்தில் கலந்தால் 14 மூட்டை சிமெண்ட், கால் யூனிட்டுக்குச் சற்று அதிகமாக எம்-சாண்ட், அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாக முக்கால் அங்குல ஜல்லி. மூன்று மூட்டை மிச்சம் என்று ஒன்றுக்கு இரண்டு, நான்கு விகிதத்துக்கு இறங்குகிறவர்கள் உண்டு. திண்ணைக்கு அது போதும், பட்டறைக்குப் போதாது. ரெடிமிக்ஸ் லாரி இந்த அளவுக்கு ஒத்துவராது. மில்லர் எனப்படும் கலவை இயந்திரம் ஒன்று வாடகைக்கு வந்தால் வேலை முடிந்துவிடும்.

கலவைக்கு முன்னால் மண். பழைய தரையைத் தட்டிப் பாருங்கள். கொடகொடவென்று பொள்ளல் சத்தம் கேட்டால் அதன் மேல் புதுத் தரை போடுவது வீண்செலவு, பெயர்த்தெடுக்கத்தான் வேண்டும். பழைய தரை மேல் ஓர் அங்குலம் பூசி, சிமெண்ட் பால் விட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் வேலை கொடுக்காமல் இருப்பது நல்லது. அப்படிப்பட்ட மெல்லிய பூச்சு வண்டிச் சக்கரம் திரும்புகிற இடத்தில் அப்பளமாகக் கழன்று வரும்.

தரையை உயர்த்த மண் நிரப்பும்போது ஏரி மண்ணைக் கொட்டுவது சுற்றுவட்டாரத்தில் வழக்கம். வயலுக்கு அது நல்ல மண்தான். ஆனால் களி கலந்த மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். மேலே இருக்கிற தரையும் அதோடு ஏறி இறங்கும். சரளை கலந்த செம்மண் கிடைக்கிற ஊரில் ஏரி மண்ணைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை. அந்தச் செம்மண்ணையும் ஒரே மூச்சில் கொட்டக் கூடாது. அரை அடிக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் தெளித்து, திம்மிசுக் கட்டையால் அல்லது வாடகை இடி இயந்திரத்தால் இறுகும்வரை இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. அதன் மேல் ஒன்றரை ஜல்லியில் 3 அங்குலம் பி.சி.சி. என்ற கம்பியில்லாக் காங்கிரீட், அதற்கும் மேல் 1000 கேஜ் பாலித்தீன் விரிப்பு. விரிப்பு கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கும். புதுக் காங்கிரீட்டின் தண்ணீரைக் கீழ்த்தளம் குடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு உயர்த்துவது? தெருவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டு, வாசல்கள் பள்ளமாகிப்போன தெருக்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அறிவுறுத்தல் எல்லாத் தெருவுக்கும் வந்து சேர்ந்ததா என்பதை அவரவர் வாசலே சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழை ஷெட்டுக்குள் புகாமல் இருக்க, சாலை இன்னும் கொஞ்சம் உயரும் என்று எண்ணிக்கொண்டே மட்டம் வைப்பது புத்திசாலித்தனம். வாட்டம் வாசல் பக்கமாக இருக்கட்டும். 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் போதும். டிரில்லிங் மெஷினோ கடைசல் இயந்திரமோ நிற்கப்போகும் மூலையை மட்டும் ரசமட்டம் வைத்துச் சமமாக விடச் சொல்லுங்கள்.

இனி தண்ணீர். அமெரிக்காவின் சிகாகோவில் லூயிஸ் இன்ஸ்டிடியூட்டில் ஆய்வு செய்த டஃப் ஏப்ரம்ஸ், 1918இல் ஒரு விதியை வெளியிட்டார். நல்ல பொருட்களும் வேலைக்கு ஏற்ற இளக்கமும் இருந்தால், காங்கிரீட்டின் வலுவைத் தீர்மானிப்பது சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்தான் என்பது அதன் சாரம். சிமெண்ட் நமக்குப் புதுப்பொருள் இல்லை. 1904லேயே சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு போர்ட்லண்ட் சிமெண்ட் தயாரிக்க ஒரு நிறுவனம் முயன்று, நிலைக்காமல் போயிருக்கிறது. சிமெண்ட் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. ஏப்ரம்ஸின் கணக்கு மட்டும் மில்லர் பக்கத்தில் நிற்கிறவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அது கெட்டிப்படும் வேதிவினைக்கு அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர்தான் செலவாகிறது. மீதி ஊற்றுவதெல்லாம் கலவை இளகி வேலைக்கு வாகாக இருப்பதற்காக. வினையில் சேராத தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. அந்தத் துளைகள்தான் எண்ணெயைக் குடிக்கின்றன, அவற்றால்தான் பெருக்கப் பெருக்கச் சிமெண்ட் தூளாகக் கிளம்புகிறது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 விதிநூல், 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், எம் 20 நேரடி விகிதக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மணலில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதையும் இந்த 30க்குள் கழித்துக்கொள்ள வேண்டும். தளத்தில் நடப்பது வேறு. பச்சை ரப்பர் குழாயை மில்லர் வாயில் செருகிவிட்டு, கலவை பாயசமாக ஓடும்வரை காத்திருப்பார்கள். ஓடுகிற கலவையைப் பரப்புவது எளிது, முதுகு வலிக்காது. அந்தக் கஷ்டம் புரிகிறது; என்றாலும் குழாயை எடுத்துவிட்டு, 15 லிட்டர் வாளி ஒன்றை வைத்து, மூட்டைக்கு இரண்டு வாளி என்று சொல்லிவிடுங்கள். கலவை இறுக்கமாகத் தெரிந்தால் பிளாஸ்டிசைசர் என்ற திரவம் சிமெண்ட் கடைகளில் கிடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போக வேண்டாம்.

கம்பி போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விவாதம் நடக்கும். கம்பி வெடிப்பைத் தடுக்காது, வெடித்த கோடு அகலமாகாமல் பிடித்துக்கொள்ளும். போடுவதாக இருந்தால் 8 மி.மீ. கம்பி, 8 அங்குல இடைவெளி, தரையின் மேல் பாதியில் இருக்கும்படி கவர் பிளாக் மேல் தூக்கி வைத்து. விரிப்பின் மேல் படுத்துக்கிடக்கிற கம்பியால் ஒரு பயனும் இல்லை. கம்பி போட்டால் உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் கலக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெடிப்பை வழிக்குக் கொண்டுவருவது கோடு. காங்கிரீட் காயும்போது சுருங்கித்தான் தீரும். எங்கே பிளக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அதுவாக ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளும். 4 அங்குலத் தரையில் 8 முதல் 12 அடிக்குள் ஒரு வெட்டு வேண்டும். நம் ஷெட்டில் நடுவே குறுக்காக ஒரே கோடு, ஓர் அங்குல ஆழத்துக்கு. ஓரம் உதிராமல் வெட்ட முடிகிற அளவுக்குத் தரை இறுகியவுடன் வெட்டிவிட வேண்டும்; கோடையில் மாலை போட்ட தரைக்கு மறுநாள் காலையே கடைசி நேரம். சுவரையும் தூணையும் ஒட்டி அரை அங்குலத் தெர்மாகோல் பட்டை வைத்தால் தரை சுவரோடு மல்லுக்கு நிற்காது.

போடுகிற நாளும் நேரமும் இந்த ஊரில் தனி விஷயம். வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் அது தனிக் கவனம் வேண்டிய காங்கிரீட் வேலை என்று ஐ.எஸ். 7861 வகைப்படுத்துகிறது. கத்திரி வெயிலில் காலை 11 மணிக்குக் கலவை கொட்டினால், மேஸ்திரி மணியாஸ் கட்டையை எடுப்பதற்குள் மேல்பரப்பில் முடிபோன்ற கோடுகள் விழுந்துவிடும். தகரக் கூரை நிழல் தரும், கூடவே அனலையும் இறக்கும்; திறந்த ஷட்டர் வழியாக வரும் காற்று ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். தை, மாசிதான் தோதான காலம். கோடையைத் தவிர்க்க முடியாதென்றால் வெயில் சாய்ந்த பிறகு தொடங்கி, வாசலில் ஒரு தார்ப்பாய் கட்டி, ஜல்லிக் குவியலில் தண்ணீர் தெளித்துக் குளிரவைத்துக் கலக்கலாம். ஆடிக் கிருத்திகை சமயத்திலும் டிசம்பர் 31 படித்திருவிழாவின்போதும் ஜல்லி லாரியை ஊருக்குள் வரச் சொல்லாதீர்கள். காவடிக் கூட்டத்துக்கு நடுவே அது நகராது.

பரப்பி மட்டப்பலகை இழுத்த பிறகு மேலே தண்ணீர் கசிந்து மினுங்கும். அது மறையும்வரை கரண்டி போடக் கூடாது. பொறுமையில்லாமல் அந்த ஈரத்தின் மேல் வெறும் சிமெண்டைத் தூவி வழவழவென்று தேய்ப்பது பரவலான பழக்கம். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு வருடத்தில் மேல்தோல் உரியும். மேலும் எண்ணெய் சிந்துகிற பட்டறையில் வழவழப்பு ஆபத்து. மணியாஸ் கட்டையோடு நிறுத்திக்கொள்வது காலுக்கும் சக்கரத்துக்கும் நல்லது.

எல்லையைத் தாண்டி ஆந்திராவிலிருந்து வரும் கடப்பா கல்லைப் பதித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலை மேசைக்கு அருமையான கல். தரையில், அடியில் பொள்ளல் இருந்தால் ஜாக்கிக்கு உடைந்துவிடும். சுண்ணாம்புக் கல் என்பதால் பேட்டரி அமிலமும் அதற்கு ஆகாது. அமிலம் காங்கிரீட்டையும் அரிக்கும் என்பதால், பேட்டரி வைக்கும் மூலையில் எப்படியும் ஒரு பிளாஸ்டிக் தட்டு வேண்டும்.

கடைசியாக, பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் கட்டம். ஐ.எஸ். 456 சொல்வது இது: சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம், வெப்பமான வறண்ட இடங்களில் 10 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள்வரை நீட்டிப்பது நல்லது. இன்று கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் மூட்டை பெரும்பாலும் பி.பி.சி.தான். எனவே திருத்தணிக்கு 14 என்றே வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் இரவே, கை வைத்தால் தடம் விழாத நிலை வந்ததும், நனைத்த சாக்குகளை விரியுங்கள். மறுநாள் ஓரமெல்லாம் வரப்பு கட்டி, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்குங்கள். 180 சதுர அடிக்கு அது சுமார் 425 லிட்டர் ஆகும். 14 மூட்டைக்கு, மூட்டைக்கு 30 லிட்டர் என்று கலவைக்கு ஊற்றியதும் ஏறக்குறைய அதே 420தான். வாட்டம் இருப்பதால் உள்பக்கம் தண்ணீர் நிற்காத இடத்தில் சாக்கைப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிற தெரு என்றால், ஈரச் சாக்கின் மேல் பாலித்தீன் விரித்து ஓரத்தில் செங்கல் வைத்துவிடலாம். நாளுக்கு ஒரு முறை சில குடம் ஊற்றினால் தாங்கும். சுண்ணாம்புத் தளம் போட்ட தலைமுறை கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாட்கணக்கில் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் சாக்கை நனைப்பது அதைவிடச் சுலபமான வேலை.

7 நாளில் காங்கிரீட் தன் முழு வலுவில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும், பி.பி.சி.யில் கொஞ்சம் தாமதமாகும். ஈரக் காலம் முடிந்ததும் பைக்கை ஏற்றலாம். காருக்கு மூன்று வாரம் பொறுங்கள். மெஷின் போல்ட் அடிக்கவும் தறி இறக்கவும் 28 நாள். எபாக்ஸி பெயிண்ட் அடிக்க ஆசைப்பட்டால் அதற்கும் பிறகு, ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடியில் நீர் முத்துகள் இருந்தால் தரை இன்னும் காயவில்லை.

காங்கிரீட் போட்ட அன்று மாலையே மேஸ்திரியும் ஆட்களும் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். 14 நாள் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதைக் கூலி பேசுகிற அன்றே பேசி முடியுங்கள். வீட்டுக்காரர் பொறுப்பு என்றால், வீட்டில் யார் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.