அடுத்த நூலுக்கு ஒரு பாயிரம்

வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் கூடியுள்ள இந்த அவையின் முன் இன்று வைக்கப்பட்டுள்ள பொருள், அடுத்துப் படிக்க வேண்டிய நூலை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதாகும். வட்டங்கள் பலவற்றில் இப்பொருள், கூட்டம் முடிந்து எல்லோரும் எழும் நேரத்தில், யாரோ ஒருவர் சொல்லும் பெயரை மற்றவர்கள் தலையசைத்து ஏற்பதோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் ஒரு வட்டத்தின் வளர்ச்சியை அது படித்த நூல்களின் தனிச் சிறப்பைவிட அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த முறையே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதால், இத்தேர்வை வட்டத்தின் தலையாய பணி என்று கொள்வதே தகும்.

தனியொருவர் தமக்கென எடுத்த நூல் மனத்திற்கு ஒவ்வாவிடின் அதைப் பாதியில் மூடிவைத்துவிடலாம். அதனால் பிறர்க்கு இழப்பில்லை. வாசகர் வட்டம் என்பதோ, ஒரே நூலைப் பலரும் ஒரே காலத்தில் படித்து, படித்ததை ஒருவர் முன் ஒருவர் வைத்து ஆராயும் அமைப்பு. அங்கே ஒரு நூலை முன்மொழிபவர் இருபது பேரின் ஒரு மாத ஓய்வு நேரத்தைக் கேட்டுப் பெறுகிறார். வேலையும் வீடும் குழந்தைகளும் போக எஞ்சும் அந்த நேரம் எவர்க்கும் மிகுதியாக இல்லை.

இத்தேர்வு இன்று பெரும்பாலும் மூன்று வழிகளில் நடைபெறுகிறது: பரிசு பெற்றதை எடுப்பது, பலரும் பேசுவதை எடுப்பது, வாக்கெடுப்பில் முந்தியதை எடுப்பது. 1955 முதல் வழங்கப்பட்டுவரும் சாகித்திய அகாதெமி விருது போன்றவை ஒரு நூலின் தகுதிக்குச் சான்றாகலாம். ஆனால் அந்நூல் இந்த வட்டத்திற்கு இந்த மாதம் பொருந்துமா என்பதை எந்த நடுவர் குழுவும் ஆராய்வதில்லை. புகழ் என்பது ஒரு நூல் எத்தனை பேரை எட்டியது என்பதைக் காட்டுமேயன்றி, அதில் பேசுவதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. வாக்கெடுப்போ முன்பே அறிந்த பெயர்களுக்கே வெற்றி தருவது; அறியாத நூலுக்கு வாக்களிக்க எவர்க்கும் காரணம் இருப்பதில்லை. இம்மூன்றும் பயனற்றவை அல்ல. ஆனால் முன்மொழிபவர் தம் காரணத்தைச் சொல்ல வேண்டிய கடமையை இம்மூன்றுமே நீக்கிவிடுகின்றன.

அக்கடமையைத் தமிழ் மரபு நெடுங்காலத்திற்கு முன்பே வரையறுத்து வைத்திருக்கிறது. நூலின் முகப்பில் நின்று அதனை அறிமுகம் செய்யும் பகுதிக்குப் பாயிரம் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு குறிப்பிட்ட நூலைப் பற்றி அதன் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டியவை எவை என்று வகுத்துச் சொல்கிறது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும், அவற்றோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றும் கூடிப் பதினொன்றாகும். இவற்றுள் யாப்பு என்பது செய்யுள் அமைப்பைக் குறிப்பதன்று. இன்ன நூலைக் கேட்டு முடித்தபின் இன்ன நூல் கேட்கத்தக்கது என்னும் இயைபு என்று உரைகாரர் அதற்குப் பொருள் விரித்துள்ளனர். அடுத்த நூல் எது என்ற வினா நூல் அறிமுகத்தின் இன்றியமையாத உறுப்பாக அன்றே கருதப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. இப்பதினொன்றில் இயைபு, கேட்போர், பொருள், பயன் ஆகிய நான்கும் இன்றைய வாசகர் வட்டத்திற்கு நேரே பயன்படுவன.

முதலாவதாகிய இயைபு, முடிந்த நூல் எழுப்பிய வினாவை அடுத்த நூல் ஏற்று நடத்துவது. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழைநாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட கல்லூரி மாணவியின் தலையில் நீரூற்றி, அவள் மாசற்றவள் என்று தாய் ஏற்றுக்கொள்கிறாள். அம்முடிவு வாசகரிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அத்தாய் அவ்வாறு ஏற்காமல் செய்தி வெளிப்பட்டுவிட்டிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்ற எண்ணத்தின் வழியே உருவானதே, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். சிறுகதையை ஒரு மாதமும் நாவலை மறு மாதமும் படிக்கும் வட்டத்தில், முதற் கூட்டத்தில் தாயின் செயலைப் பற்றி உறுப்பினர் கூறிய தீர்ப்புகள் இரண்டாம் கூட்டத்தில் நாவலால் சோதிக்கப்படும்.

இயைபு ஒரே ஆசிரியருக்குள் நிற்க வேண்டும் என்பதில்லை. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) தாமோதர ஆசான் சொல்லும் கதைகளின் வழியே ஓர் ஊரின் பழங்காலத்தைத் திறக்கிறது; கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) மங்கத்தாயாரு அம்மாள் என்ற மூதாட்டியின் நினைவுகளைக் கொண்டு, தெலுங்கு நாட்டிலிருந்து பெயர்ந்துவந்து கரிசல் மண்ணில் குடியேறிய மக்களின் வரலாற்றைச் சொல்கிறது. இவ்விரண்டையும் படித்த வட்டம், இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில், பிறர் அழுக்கை வெளுத்தும் களத்துமேட்டில் கூலிக்கு நின்றும் வாழும் ஆரோக்கியத்தைச் சந்திக்கும்போது, ஊரின் கதை எவர் வாயால் சொல்லப்படுகிறது, எவர் கதை சொல்லப்படாமலே போகிறது என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. தனித்தனியே படித்தாலும் சிறந்த இம்மூன்று நாவல்களையும், ஓர் ஊர் தன்னைத்தானே எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்ற ஒரே ஆராய்ச்சியாக ஆக்கித் தருவது அவற்றை வரிசைப்படுத்திய தேர்வே.

இயைபறிந்த ஒருவரின் வினா என்ன செய்யும் என்பதற்கு 1880ஆம் ஆண்டின் கும்பகோணம் சான்றாகும். அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரிடம் அவர் படித்த நூல்கள் யாவை என்று வினவினார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணங்களுமாக ஐயர் அடுக்கிய நீண்ட பட்டியலைக் கேட்டபின், அவற்றுக்கு முற்பட்ட சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டு, அதைத் தமக்குப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். உடனிருந்து கேட்க ஒருவர் இருந்ததாலும், சமணக் கொள்கைகளை விளக்க அவ்வூர்ச் சமணர்கள் முன்வந்ததாலும் அந்த வாசிப்பு தொடர்ந்தது. 1887இல் சிந்தாமணி பதிப்பாக வெளிவந்தது. அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் கையால் அச்சேறின. படித்தவை எவை என்று முதலில் கேட்டு, அதிலிருந்து படிக்க வேண்டியதைச் சுட்டிய முறையே இங்கு கற்கத்தக்கது.

இரண்டாவது, கேட்போர். நூல் நன்று என்பதால் மட்டும் அது எல்லா அவைக்கும் ஏற்றதாகிவிடாது. ஐந்து பாகங்களாக விரியும் ‘பொன்னியின் செல்வன்’ ஒரு மாதத்திற்கு உரியதன்று. மாதம் ஒரு பாகம் என்று பகுத்தால் அதுவே ஐந்து மாத விருந்தாகும். நீண்ட நாவலொன்றை முடித்துக் களைத்த வட்டத்திற்கு, சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தைக் கொண்டு ஒரு தெருவின் வாழ்வையே காட்டிவிடும் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ போன்ற சிறிய நாவல் பொருந்தும்.

கேட்போரைக் கருதுவதில் நூல் கிடைப்பதும் அடங்கும். சீர்காழியில் பிறந்து உலகம் போற்றும் நூலகவியல் அறிஞராக விளங்கிய எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் அமைய வேண்டும் என்பவற்றைச் சேர்த்தார். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி மக்கள் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் செலுத்திவருகின்றனர். எனவே நூலகத்திடம் படிகள் கேட்பது வட்டத்தின் உரிமை. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள், அதாவது ஆசிரியரின் உரிமையாளர்க்கு அரசு தொகை அளித்து எவரும் பதிப்பிக்கலாம் என்று பொதுவாக்கிய நூல்கள், மலிவுப் பதிப்புகளாகவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் கிடைக்கின்றன. விலையின் காரணமாக ஓர் உறுப்பினர் கூட்டத்திற்கு வராமல் நின்றுவிட்டால், அத்தேர்வு எவ்வளவு உயர்ந்த நூலைக் கொண்டதாயினும் தவறிய தேர்வே.

எஞ்சிய இரண்டும், அதாவது பொருளும் பயனும், ஒன்றோடொன்று பிணைந்தவை. எல்லோரும் ஒருமுகமாகப் பாராட்டிவிட்டுக் கலையும் நூல் கூடிப் படிப்பதற்கு உரியதன்று. நூலின் பக்கங்களையே சான்றாகக் காட்டி ஒருவரோடு ஒருவர் மாறுபட இடம் தரும் நூலே அதற்குரியது. ஒரு நகரமே ஒரே நூலைப் படிக்கும் திட்டத்தை 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகத்தில் நான்சி பேர்ல் என்னும் நூலகர் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட நூல், ரஸ்ஸல் பேங்க்ஸ் எழுதிய ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’ என்ற நாவல். பள்ளிப் பேருந்து விபத்தில் குழந்தைகளை இழந்த சிற்றூரின் துயரத்தை நால்வர் தத்தம் நோக்கில் சொல்வதாக அமைந்த அந்நாவலில், பழி யாருடையது என்ற வினாவை வாசகரே ஆராய்ந்தாக வேண்டும். சாதி, சமயம், பெண்ணின் நிலை ஆகியவற்றைத் தொடும் நூல்கள் மனத்தாங்கலை உண்டாக்கும் என்று அஞ்சி ஒதுக்கும் வட்டம், பேச வேண்டியவற்றைப் பேசாமலே பல ஆண்டுகளைக் கழித்துவிடும். அத்தகைய நூல்களை ஒதுக்குவதைவிட, அவை ஏன் எடுக்கப்படுகின்றன என்பதை முன்கூட்டியே அவையில் விளக்குவதே முறை.

ஆசிரியரிடம் முழுமையாகக் கேட்டாலும் கால் பங்கே கைவரும், உடன் பயில்வோரோடு பழகுவதால் ஒரு கால் பங்கு கூடும், பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப் பங்கும் நிறையும் என்பது நன்னூலார் கணக்கு. உடன் பயில்வதும் எடுத்துரைப்பதும் ஒருங்கே நிகழும் இடம் வாசகர் வட்டம். ஆகவே, பெயரை மட்டும் சொல்லி நூலை முன்மொழியும் வழக்கத்தை இவ்வட்டம் இன்றோடு கைவிடுக. முன்மொழிபவர் அந்நூலை முழுதும் படித்து முடித்தவராக இருத்தல் வேண்டும். சென்ற நூலோடு அதற்குள்ள இயைபு யாது, இந்த அவையினர்க்கு அது எவ்வாறு பொருந்தும், அதன் பொருள் எவ்வினாவை எழுப்பும், படித்தபின் விளையும் பயன் யாது என்னும் நான்கையும் ஐந்து நிமிடங்களில் பாயிரமாக உரைத்தல் வேண்டும். அப்பாயிரங்களைக் கேட்ட பின்னரே வாக்கெடுப்பு நிகழ்தல் வேண்டும். நூலகத்தின் நிலைப்பேழைகளில் வாசகரைக் காத்து நிற்கும் நல்ல நூல்கள் பல. அவற்றுள் ஒன்றுக்குப் பாயிரம் சொல்ல ஆயத்தமாக அடுத்த கூட்டத்திற்கு வருமாறு உறுப்பினர் ஒவ்வொருவரையும் இந்த அவை அன்போடு அழைக்கிறது.