தூக்குக் கொட்டடிக்கு ஒரு தபால்



இந்தத் தளியிலிருந்து பெலகாவி ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஹிண்டல்கா சிறையில் 2013 பிப்ரவரியில் நான்கு பேர் தங்கள் தூக்கு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஞானப்பிரகாசம், சைமன், மீசைக்கார மாதையன், பிலவேந்திரன். நான்கு பேரும் வீரப்பன் வழக்கில் சிக்கியவர்கள். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுப் பக்கம் வெடித்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். மைசூர் தடா நீதிமன்றம் 2001இல் இந்த நால்வருக்கும் ஆயுள் தண்டனைதான் கொடுத்தது. மேல்முறையீடு செய்தார்கள், 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தானாகவே அதைத் தூக்காக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டுகள் டெல்லியில் கிடந்தது.

அந்த ஒன்பது ஆண்டுகளில் இந்த எல்லையோரத்திலிருந்து அவர்களுக்குப் போன கடிதங்கள் எத்தனை? எழுதியவர்கள் கை தூக்குங்கள் என்று இந்த மேடை கேட்டால் எத்தனை கை எழும்?

நாம்தான் எழுதவில்லை, அரசாங்கமாவது எழுதியதா? எழுதியது. அதே 2013 பிப்ரவரி 9, சனிக்கிழமை காலை, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அப்சல் குருவைத் திகார் சிறையில் தூக்கிலிட்டார்கள். கருணை மனு நிராகரிக்கப்பட்டது என்று அவருடைய மனைவிக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பினார்கள். காஷ்மீரில் அது கைக்குக் கிடைத்தது பிப்ரவரி 11, திங்கட்கிழமை. அதற்குள் அவரைச் சிறை வளாகத்திலேயே புதைத்திருந்தார்கள். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கும் உரிமையைத் தபால் தாமதம் என்ற பெயரில் பறித்த அரசாங்கம் அது.

அந்த அநியாயத்துக்கு ஓராண்டு கழித்து ஒரு பதில் வந்தது. 2014 ஜனவரி 21 அன்று சத்ருகன் சவுகான் வழக்கில், நம் ஈரோடு பக்கத்திலிருந்து போன தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு 15 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. பெலகாவி நால்வரும் அதில் அடக்கம். மனு நிராகரிக்கப்பட்டால் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்து மூலம் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கட்டளையிட்டது. ஒரு கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இன்று நாட்டின் சட்டம்.

கடிதத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு சுனில் பத்ராவைச் சொல்லுங்கள். திகாரில் தூக்குத் தண்டனைக் கைதி. பக்கத்தில் இன்னொரு கைதியை வார்டர் ஒருவர் கொடூரமாகச் சித்திரவதை செய்ததை அறிந்து, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தன் உயிருக்காக அவர் அதை எழுதவில்லை. அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்ன தீர்ப்புதான் இந்தியச் சிறைகளுக்குள் நீதிமன்றத்தின் கண்ணைத் திறந்துவிட்டது.

நம் பக்கத்து ஊர் ஜோலார்பேட்டைக்கு வாருங்கள். 1991 ஜூன் 11 அன்று விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று கூட்டிப்போன பேரறிவாளனுக்கு அப்போது வயது 19. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் 26 பேருக்குத் தூக்கு. உச்ச நீதிமன்றம் 1999இல் நால்வரின் தூக்கை உறுதி செய்தது, அதில் அவரும் ஒருவர். தூக்குக் கொட்டடியிலிருந்து அவர் எழுதிய முறையீட்டு மடல் புத்தகமாகி ஊர் ஊராகப் போயிற்று. அவருடைய தாய் அற்புதம்மாள் அதைச் சுமந்து ஏறாத மேடை இல்லை. 2011 செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் இந்தத் தூக்கை எதிர்த்துத் தன் உடலையே எரித்துக்கொண்டாள்.

பிறகு எழுத வேண்டியவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013இல் ஒப்புக்கொண்டார். தூக்கை உறுதி செய்த அமர்வின் தலைவர் கே.டி. தாமஸ், கைதிகளிடம் பெருந்தன்மை காட்டும்படி 2017இல் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதினார். 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். 2011இல் அந்தக் கயிறு இறங்கியிருந்தால் இந்த எழுத்தெல்லாம் யாருக்கு?

இங்கே ஒரு தாய் எழுந்து கேட்கலாம்: தருமபுரியை மறந்துவிட்டீர்களா? மறக்கவில்லை. 2000 பிப்ரவரி 2, இலக்கியம்பட்டியில் அதிமுகவினர் கொளுத்திய பேருந்தில் கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா என்ற மூன்று வேளாண் கல்லூரி மாணவிகள் கருகிச் செத்தார்கள். அப்போது தளியும் தருமபுரி மாவட்டம். அந்தப் பெற்றோரின் கண்ணீருக்கு முன்னால் இந்த மேடை தலை குனிகிறது. தண்டனை வேண்டாம் என்று இங்கே யாரும் பேசவில்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். தூக்கு விதிக்கப்பட்ட மூவருக்கும் 2016இல் அது ஆயுளாயிற்று. 2018 நவம்பரில் அவர்கள் கட்சியின் ஆட்சியிலேயே விடுதலையும் ஆனார்கள். கொடியும் ஆட்சியும் பின்னால் இருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. கொடி இல்லாதவனுக்கு?

2023 முடிவில் இந்தியச் சிறைகளில் தூக்குத் தண்டனைக் கைதிகள் 561 பேர். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, தூக்குத் தண்டனைக் கைதிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஏழைகள் என்று கண்டது. கீழ் நீதிமன்றம் தூக்கு விதித்தவர்களில் கடைசிவரை அந்தத் தண்டனை நின்றது இருபதில் ஒருவருக்குத்தான். பத்தில் மூன்று பேர் குற்றவாளியே இல்லை என்று விடுதலையானார்கள். ஓசூர் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கிறார்களே, அவர்களில் ஒருவர் நாளை ஒரு வழக்கில் மாட்டினால் அவர் மொழியில் ஒரு வரி எழுத இங்கே ஆள் உண்டா?

பிரிட்டனில் 1987இல், அமெரிக்காவின் மிசிசிப்பியில் மரண தண்டனைக்குக் காத்திருந்த எட்வர்ட் ஏர்ல் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞனின் கடைசி இரண்டு வாரத்தை பிபிசி படமாகக் காட்டியது. அதைப் பார்த்தவர்களில் ஒருவரான ஜான் ஆரியன்ஸ் மறு ஆண்டே லைஃப்லைன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். முன்பின் தெரியாத அமெரிக்க மரண தண்டனைக் கைதிகளுக்குக் கடிதம் எழுதுவதே அதன் வேலை. கடல் தாண்டி அவர்களால் முடிந்தது, காவிரியும் தாண்ட வேண்டாத நமக்கு முடியாதா?

எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரி படித்த பிறகுதான் கடிதம் உள்ளே போகும். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். விடுதலை நிச்சயம் என்று ஆசை காட்டாதீர்கள். ராகிக் கொல்லையில் மழை பெய்ததா, ரோஜா என்ன விலை போகிறது, பிள்ளை எந்த வகுப்பு, இதை எழுதுங்கள். தொடங்கிவிட்டு நாலு கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்துவதைவிட எழுதாமலே இருக்கலாம்.

மேடைக்குப் பக்கத்து மேசையில் இன்லாண்டு லெட்டர் வைத்திருக்கிறது. எழுதத் தெரியாத தாய்மார்கள் சொல்லுங்கள், எழுதித் தரத் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, தளிக்காரர்களுக்கு மூன்றும் வரும். கூட்டம் கலையும் முன் ஒவ்வொருவரும் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.